தோற்கக் கூடாத ஒட்டகம்

வெள்ளிக்கிழமை கீழக்கரையில் மகள் நஜீஹாவுக்கு நிக்காஹ். புதன்கிழமை சாதிக் பாட்ஷாவுக்கு விமானம். பாஸ்போர்ட் மட்டும் முதலாளியிடம் இருந்தது. அப்படி வாங்கி வைப்பது அவர் வேலை பார்க்கும் வளைகுடா நாட்டுச் சட்டப்படியே குற்றம். ஆனால் திருப்பிக் கேட்டவனுக்கு அப்புறம் வேலை இருக்காது.

அங்கே ராஸ் அல் கைமாவில் ஆரிப் பூத்தையல் வேலைப் பட்டறை. கையிலிருந்தது ஒரு ராஜ அங்கி, ஹோட்டல் கூடத்தில் கண்ணாடிக்குள் வைக்க. சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கூலிக்குச் சண்டை போட வந்த நார்மன்கள் தெற்கு இத்தாலியைச் சுருட்டிக்கொண்டார்கள், சிசிலித் தீவை அராபியரிடமிருந்து பறித்தார்கள். அவர்களுடைய அரசன் ரோஜரின் சிவப்புப் பட்டு அங்கியின் நகல் இது. அதன் தையலில் சிங்கம் ஒட்டகத்தை அடித்து வீழ்த்துகிறது. ஓரத்தில் அரபியில் அரசனுக்கு வாழ்த்து. தோற்றவன் மொழியிலேயே தைத்து வாங்கிய புகழ்! தைத்தவன் பெயர் அதில் இல்லை.

செவ்வாய்க்கிழமை ஹோட்டல்காரர்கள் வந்து பார்த்துவிட்டு முகம் சுளித்தார்கள். மேற்பார்வையாளர் ஹஸ்னைன் உருதுவில் சொன்னார்:

"சாதிக் பாய், இந்த ஊர்ல ஒட்டகம் தோக்குற மாதிரி மாட்ட முடியாதாம். பிரிச்சுட்டு, ரெண்டும் பக்கத்துல நிக்கிற மாதிரி போடணும்."

"படம் குடுத்ததே அவங்கதானே?"

"அப்ப சிங்கத்தை மட்டும் பாத்தாங்களாம்."

பக்கத்தில் தைத்துக்கொண்டிருந்த சிவகங்கை விமல் வாயை மூடவில்லை. "அந்த ராஜாவுக்கும் சொல்லி அனுப்புங்க பாய், சண்டை டிராவுல முடிஞ்சிருச்சுன்னு!"

சாதிக் சிரிக்கவில்லை. "நாளைக்கு எனக்கு ஃப்ளைட்டு. மீதிய விமல் தைக்கட்டும்."

"வேற கை பட்டா தையல் மாறிரும்னு முதலாளி சொல்றார். வேலை முடியாம பாஸ்போர்ட் கிடையாதாம். நான் என்ன செய்ய?"

விமானம் அவர் இல்லாமல் போனது.

மகளை மணமுடித்துக் கொடுக்கும் உரிமை தகப்பனுடையது. வர முடியாவிட்டால் அதை இன்னொருவருக்கு அவரே வாயால் ஒப்படைக்க வேண்டும். வெள்ளிக்கிழமையும் அவருக்கு டூட்டி. பந்தலிலிருந்து தம்பி செய்கு முகம்மது அண்ணனுக்குப் போன் செய்தான்.

"சத்தமாச் சொல்லுங்க காக்கா. சாட்சிகளுக்குக் கேக்கல."

விமல் எழுந்து பட்டறையில் ஓடிய தையல் மெஷின்களை நிறுத்தினான். சாதிக் பாட்ஷா நின்றுகொண்டே கத்தினார்:

"என் மக நஜீஹாவை முடிச்சுக் குடுக்குற உரிமைய என் தம்பிக்குத் தந்துட்டேன்!"

"கேட்டுருச்சு, நிக்காஹை ஆரம்பிங்க" என்று அந்தப் பக்கம் யாரோ அவசரமாகப் போனை வாங்கினார்கள். தொடர்பு அறுந்தது. திரும்பக் கூப்பிட்டார். யாரும் எடுக்கவில்லை.

உட்கார்ந்து ஒட்டகத்தின் கழுத்தைப் பிரிக்கப் பார்த்தார். கண்ணீரில் நூல் தெரியவில்லை.

"விமலு, நீ பிரிப்பா."

ஹஸ்னைன் பார்த்தார், தடுக்கவில்லை. பாதி ஒட்டகத்தை விமலே தைத்து முடித்தான். ஹோட்டல்காரர்கள் வந்து தடவிப் பார்த்து, எல்லாம் ஒரே கை வேலை என்று மெச்சி எடுத்துப் போனார்கள்.