செட்டில் ஆன கணக்கு

மறுபடியும் ஒரு கிரெடிட் கார்டு வாங்கினால் என்ன என்ற யோசனை, சிவகாசியில் ஒரு பிரௌசிங் சென்டரின் பலகை அடைப்புக்குள் உட்கார்ந்திருந்தபோது வந்தது. வந்த வேகத்திலேயே அதைத் துரத்தினேன்.

நான் பட்டாசு லேபிள் செய்கிறவள். பெட்டி மேல் தோகை விரிக்கும் மயில், பல்லெல்லாம் தெரியச் சிரிக்கும் குழந்தை எல்லாம் கம்ப்யூட்டரில் என் கையால் பிறப்பவை. ஆஃப்செட் பிரஸ் ஒன்றில் மாதச் சம்பளம். மலேசியாவில் கடை வைத்திருக்கும் ஒருவர் என் லேபிள் ஒன்றைப் பார்த்துவிட்டு, உங்கள் வேலைகளை ஒரு வெப்சைட்டில் போட்டுக் காட்டுங்கள், பிடித்தால் நேரடியாகவே ஆர்டர் தருகிறேன் என்று மெயில் அனுப்பியிருந்தார். நேரடி ஆர்டர்! அன்று மாலையே ஓடிப்போய் வெப்சைட்டுக்குப் பெயர் தேடினேன். நான் நினைத்த பெயர் காலியாக இருந்தது. அடுத்த பக்கத்தைத் திறந்தேன். கார்டு நம்பர் கேட்டது. பணமாகக் கட்ட வழியே இல்லை.

என்னிடம் முன்பு ஒரு கார்டு இருந்தது. டை கட்டிய ஒருவர் பிரஸ்ஸுக்கே வந்து, சம்பளச் சீட்டை மட்டும் வாங்கிக்கொண்டு கொடுத்துவிட்டுப் போனது. அதை வைத்துக் கம்ப்யூட்டரும் ஸ்கேனரும் வாங்கி, ஆமத்தூரில் எங்கள் வீட்டிலேயே தனி ஆர்டர் செய்ய ஆரம்பித்தேன். எனக்கு வேலை கொடுத்த பட்டாசு யூனிட்டில் ஒரு ஷெட் வெடித்தது. உள்ளே ஆள் இல்லை, நல்லவேளை. ஆனால் லைசென்ஸை நிறுத்திவைத்தார்கள். பட்டாசே போடாத யூனிட்டுக்கு லேபிள் எதற்கு? கார்டு பில் மட்டும் நிற்கவில்லை.

பிறகு வங்கியின் வசூல் ஆட்களிடமிருந்து போன் வர ஆரம்பித்தது.

"மேடம், பணம் என்னைக்கு வருது?"

"சீசன் முடியட்டும் சார், கட்டிருவேன்."

"உங்க சீசனுக்கு பேங்க் வெயிட் பண்ணுமா? அப்பா வேன் ஓட்டுறார்னு எழுதியிருக்கீங்க. வேன் கிளம்புற இடத்துக்கே வந்து, எல்லார் முன்னாடியும் அவர்கிட்ட கேட்டுக்கவா?"

அப்பா ஆமத்தூரிலிருந்து ஏழாயிரம்பண்ணை யூனிட்டுகளுக்கு வேலையாட்களை ஏற்றிப்போகிறவர். ஊரில் பாதிப் பேர் அந்த வேனில்தான் போகிறார்கள். அந்தப் பாதிப் பேர் நடுவில் ஒருவன் வந்து என் பெயரைச் சொல்லிக் கேட்பதையே நினைத்துக்கொண்டிருப்பேன். காலையில் வேன் நிற்கும் இடத்தில் தெரியாத பைக் ஏதாவது நின்றால், அது கிளம்பிப் போகும்வரை தெருமுனையிலேயே நிற்பேன். போனை அரிசி டப்பாவுக்குள் புதைத்து வைத்தேன். அரிசிக்குள் கிடந்தும் அது நடுங்கியது.

கடைசியில் அந்த வங்கியிலிருந்தே வேறொருவர் பேசினார். பாதிக்குக் கொஞ்சம் மேலே கட்டினால் செட்டில் பண்ணிவிடலாம் என்றார். கம்ப்யூட்டரையும் ஸ்கேனரையும் விற்றுக் கட்டினேன். போன் நின்றது. அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

செட்டில் என்பது எங்கள் பக்கத்தில் மரியாதையான வார்த்தை. தீபாவளி முடிந்ததும் வெளியூர்க் கடைக்காரர் வருவார். இத்தனை பெட்டி நமுத்துப்போச்சு, இத்தனை விற்கவில்லை என்பார். கம்பெனிக்காரர் கத்துவார், பிறகு குறைத்துக்கொள்வார். காபி வரும். "சரி, கணக்கு செட்டில்" என்று கை குலுக்குவார்கள். அடுத்த வருடம் முதல் லோடு அந்தக் கடைக்குத்தான் போகும். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அந்தத் தைரியத்தில்தான் விருதுநகரில் வேறொரு வங்கியில் கார்டுக்கு எழுதிக் கொடுத்தேன். கிடைக்காது என்று தகவல் வந்தது. காரணம் கேட்கப் போகும் வழியெல்லாம் பயந்தேன். நாமே போய் ஞாபகப்படுத்துகிறோமோ, பழைய ஆட்கள் மறுபடி கிளம்பிவிடுவார்களோ என்று. அங்கிருந்த அதிகாரி அம்மாள் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"முன்னாடி ஒரு கார்டு வச்சிருந்தீகளாம்மா? செட்டில்டுன்னு வருதே."

"ஆமா மேடம், செட்டில் பண்ணிட்டேன்!" நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னேன்.

"அதாம்மா தப்பா நிக்குது. முழுசாக் கட்டாம விட்டவுகன்னு அர்த்தம். எந்த பேங்க் பாத்தாலும் இதுதான் தெரியும்."

எல்லா பேங்குக்கும் தெரியுமா? சட்டை கிழிந்ததே தெரியாமல் தெருவெல்லாம் நடந்து வந்த மாதிரி இருந்தது. "எங்க ஊருல அது நல்ல வார்த்தை மேடம்" என்றேன்.

"நானும் சிவகாசிதாம்மா. எங்க வீட்டுக்காரரு பட்டாசுக் கடைதான். கம்ப்யூட்டருக்கு அது தெரியாதுல்ல" என்று சிரித்தார்.

"மிச்சத்தக் கேட்டு ஆளு வருமா மேடம்?"

"வராது. ஆனா கெட்ட பேரு கொஞ்ச வருஷம் நிக்கும். அத மாத்தணும்னா ஒண்ணு செய்யுங்க. உங்க பேருல டெபாசிட் போடுங்க, அத வச்சு சின்னதா ஒரு கார்டு தாரோம். மாசாமாசம் முழுசாக் கட்டுங்க. கட்டலன்னா டெபாசிட்டுல எடுத்துக்குவோம். வீட்டுக்கு யாரும் வரவேண்டிய வேலையே இல்ல."

கடைசி வாக்கியத்தை இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டேன். ஏலச் சீட்டு எடுத்த பணம் கையில் இருந்தது. போட்டேன்.

அப்பாவிடம் சொல்லத்தான் பயம். சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்வரை காத்திருந்தேன்.

"கார்டுன்னா, அன்னைக்கு அரிசிக்குள்ள கெடந்து கத்துச்சே, அதா?"

அவருக்குத் தெரிந்திருக்கிறது. அவரே கேட்டார்: "சரி, அத வச்சு எப்படிச் சாமான் வாங்குவ?"

"மெஷின்ல தேய்க்கணும்பா."

"என்னது, தேய்க்கணுமா?"

வெடிமருந்து வேலைக்குப் புதிதாகப் போகிறவர்களுக்கு எங்கள் பக்கம் முதல் நாளே சொல்லிவிடுவது இரண்டுதான்: மருந்துத் தட்டை இழுக்காதே, எதையும் தேய்க்காதே. அப்பா துண்டால் வாயைத் துடைத்தார்.

"ஏத்தா, இந்த ஊருல தேய்ச்சு எவன் நல்லாயிருக்கான்?"

"மெதுவாத் தேய்ப்பேன்பா."

"மெதுவாத் தேய்ச்சாலும் பத்தும், தாயி." சிரித்தாரா இல்லையா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. எழுந்து வாசல்வரை போய்த் திரும்பி வந்தார். "மொதல்ல சின்னதா தேய்ச்சுப் பாரு. என் கண்ணு முன்னாலயே பாரு."

கார்டு நேற்று தபாலில் வந்தது. உறையைப் பிரித்துப் பார்த்துவிட்டு மறுபடி மூடி வைத்தேன். வெப்சைட் பெயரை வாங்க இன்னும் துணியவில்லை. மலேசியாக்காரருக்கு, ஒரு வாரம் பொறுங்கள் என்று மெயில் போட்டிருக்கிறேன். மெஷினில் ஓடும் என்று தெரிந்துகொள்ளாமல் அந்தக் கட்டத்தில் நம்பரைத் தட்ட எனக்கு விரல் வராது.

ஆகவே நாளை காலை, ஆட்களை ஏற்றுவதற்கு முன்பே, வெறும் வேனில் அப்பாவும் நானும் மெயின் ரோட்டுப் பெட்ரோல் பங்க்குக்குப் போகப் போகிறோம். முந்நூறு ரூபாய்க்கு டீசல். மெஷின் துப்பும் சீட்டில் கையெழுத்துப் போட வேண்டுமாம். கோடு மாறிவிடக்கூடாது என்று பழைய லேபிள்களின் பின்பக்கத்தில் போட்டுப் போட்டுப் பழகிக்கொண்டிருக்கிறேன். சீட்டு வந்தால், அங்கிருந்தே பஸ் ஏறி விருதுநகரில் அந்த முந்நூறையும் கட்டிவிட்டுத்தான் வேலைக்குப் போவேன். பில் வரும்வரை காத்திருக்க என்னால் ஆகாது. சீட்டு வராவிட்டால் பங்க்காரனிடம் கொடுக்க, அப்பா தன் சட்டைப்பையில் முந்நூறு ரூபாயை இப்போதே எடுத்து வைத்துவிட்டார்.