சவுக்குக் கன்றுக்கு உப்புத் தண்ணீர் ஊற்றியவன்

ராமேஸ்வரம் தீவில், அக்காள்மடத்துக்குக் கிழக்கே ரோட்டை விட்டுத் தென்கடல் பக்கமாக இறங்கினால் ஒரு சவுக்குத் தோப்பு இருக்கிறது. அதை நட்டு வளர்த்தவன் நான் என்று சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சமே கிடையாது. கேட்காதவர்களிடமும் சொல்வேன். என் மனைவி, "ஆரம்பிச்சாச்சா?" என்று எழுந்து உள்ளே போய்விடுவாள்.

சுதந்திரம் வந்து பத்து வருஷம் ஆகியிருக்கும். காட்டு இலாகாவில் தற்காலிக ஃபாரஸ்ட் கார்டாக என்னை எடுத்திருந்தார்கள். காக்கிச் சட்டை கொடுத்தார்கள், நிரந்தர உத்தரவு மட்டும் வரவில்லை. பறக்கிற மணல் ரோட்டையும் ரயில் தண்டவாளத்தையும் மூடாமலிருக்க அந்த வெற்று மணலில் சவுக்கு வளர்க்க வேண்டும். ரேஞ்சர் என்னை அங்கே கொண்டுவந்து நிறுத்திச் சொன்னது இவ்வளவுதான்: "முக்கால்வாசிக் கன்று பிழைச்சா அடுத்த வருஷமும் வேலை நடக்கும், உன்னையும் நிரந்தரம் பண்ண எழுதுறேன். இல்லாட்டி தோட்டத்தை மூடிற வேண்டியதுதான்."

வேலைக்கு வந்தவர்கள் முப்பது பெண்கள். எல்லோரும் மீன்பிடிக்கிற வீட்டுப் பெண்கள். வைகாசி பிறந்து தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று கிளம்பிவிட்டால் தென்கடலில் வள்ளம் இறக்க முடியாது. அந்த மாதங்களில் அவர்கள் வீட்டில் அடுப்பு எரிவது இந்தக் கூலியில்தான். தோட்டம் மூடினால் எனக்கு ஒரு உத்தியோகம் போகும், அவர்களுக்கு முப்பது அடுப்பு அணையும். இது எனக்கு அப்போதே தெரியும். தெரிந்தும் நான் செய்த காரியத்தைக் கேளுங்கள்.

ஐப்பசி மழையோடு கன்று நட்டுவிட்டோம். தை பிறந்ததும் குடத்தில் சுமந்து தண்ணீர் ஊற்ற வேண்டும். அந்த மணலில் முழங்கால் ஆழம் தோண்டினால் நல்ல தண்ணீர் கசியும். அதை ஊற்று என்பார்கள். பெண்கள் ஊற்றைச் சுற்றிக் குந்திக்கொண்டு, தண்ணீர் கலங்காமல் தேங்காய்ச் சிரட்டையால் மேலாக மொண்டு குடத்தை நிரப்புவார்கள். ஊற்று கொஞ்சம் இறங்கினால் அதை விட்டுவிட்டு அடுத்த ஊற்றுக்குப் போய்விடுவார்கள். விட்ட ஊற்றை மறுநாள்தான் தொடுவார்கள். ஒரு குடம் நிறைவதற்குள் ஊர்க்கதை எல்லாம் பேசி முடித்துவிடுவார்கள். எனக்குப் பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது. முன்கோபம் எங்கள் குடும்பச் சொத்து.

நான் முதுகுளத்தூர்ப் பக்கத்து விவசாயி வீட்டுப் பிள்ளை. எங்கள் ஊரில் கிணறு வற்றினால் ஆளை இறக்கி இன்னும் ஆழமாக வெட்டுவோம். ஆழம் போனால் தண்ணீர் என்பது எங்களுக்குத் தாய்ப்பாலோடு வந்த அறிவு. மண்டபத்திலிருந்து நாலு ஆளைக் கூட்டிவந்து, தோட்டத்தின் நடுவில் ஒன்றரை ஆள் ஆழத்துக்குப் பெரிய குழியாக வெட்டச் சொன்னேன்.

பெண்களில் ஒருத்தி கொஞ்சம் வாய்த்துடுக்கு. என்னைவிட இரண்டு மூன்று வயது கூடுதலாக இருக்கும். மற்றவர்கள் அவள் முகத்தைப் பார்த்துத்தான் பேசுவார்கள். அவள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு வந்தாள்.

"அய்யா, இங்கன ஆழமாத் தோண்டக் கூடாது. நல்ல தண்ணி மேலதான் கெடக்கு. கீழ பூராம் கடலு. உப்பேறிரும்."

"எனக்குக் கிணறு வெட்டச் சொல்லித் தாறியாக்கும்? இஷ்டமில்லாட்டி சொல்லு, மஸ்டர் ரோல்ல பேரை வெட்டிருதேன். முப்பது பேரு பேரையுந்தான்" என்றேன்.

அவள் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

குழியில் தண்ணீர் குபுகுபுவென்று வந்தது. நாள் முழுக்க நடந்த வேலை மத்தியானத்துக்குள் முடிந்தது. நான் மீசையை முறுக்கிக்கொண்டு திரிந்தேன். மாசி பாதியில் கன்றுகளின் நுனி சிவந்தது. வெயில் என்று நினைத்து, இன்னும் ஒரு குடம் கூட ஊற்றச் சொன்னேன். சிவப்பு கீழே இறங்கியது.

ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் எனக்கு விக்கல் எடுத்தது. அந்தப் பெண் ஓரமாக வைத்திருந்த சின்னக் கலயத்திலிருந்து தண்ணீர் கொடுத்தாள்.

"குழி பக்கத்துலதானே இருக்கு, இத எங்கருந்து கொண்டு வாரீக?" என்றேன்.

"அது கன்னுக்கு ஊத்துற தண்ணி. மனுசர் குடிக்கத் தனியா அங்கன ஊத்து வச்சிருக்கோம்."

எழுந்து போய்க் குழித் தண்ணீரை ஒரு கை அள்ளி வாயில் வைத்தேன். கரித்தது. சவுக்கு உப்புக் காற்றைத் தாங்கும், ஆனால் நாலு மாதக் கன்று வேரில் உப்பை ஊற்றினால் என்ன செய்யும்? ஒரு மாதமாக அதைத்தான் ஊற்றச் சொல்லியிருக்கிறேன். எனக்குப் பயந்து முப்பது பேரும் வாயை மூடிக்கொண்டு ஊற்றியிருக்கிறார்கள். அவமானம் என்றால் என்னவென்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

அவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்த இடத்துக்குப் போய், "தப்பு என்னுது. இனி என்ன செய்யணும்னு நீங்க சொல்லுங்க" என்றேன். எல்லோரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள். பிறகு அவள், "மொதல்ல அந்தக் குழியத் தூருங்க" என்றாள்.

தூர்த்தோம். தோட்டம் நெடுக முழங்கால் ஆழத்துக்கு நாற்பது ஊற்று தோண்டினோம். வேரில் படிந்த உப்பு கீழே இறங்க வேண்டும் என்று, ஒரு குடம் ஊற்றுகிற இடத்தில் மூன்று குடம் ஊற்றினார்கள். விடிகிறபோதே வந்தார்கள், நானும் சிரட்டையோடு குந்தினேன். செத்த கன்றுகளுக்குப் பதிலாக நாற்றங்காலில் மிச்சமிருந்த நாற்றை நட்டோம். பங்குனி முடிவில் நுனியெல்லாம் பச்சை பிடித்தது. அதைப் பார்த்தபோது எனக்கு அழுகை வந்தது. அழுதேன், இதில் மறைக்க என்ன இருக்கிறது?

சித்திரையில் ரேஞ்சர் ஜீப்பில் வந்தார். வரிசை வரிசையாக நடந்து பார்த்தார். பெண்கள் குடத்தோடு ஒதுங்கி நின்றார்கள். முக்கால்வாசிக்கு மேலேயே பிழைத்திருந்தது. அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"கெட்டிக்காரன்யா நீ. மண்டபத்துல ஆயில் எஞ்சின் ஒண்ணு சும்மா கிடக்கு, அனுப்பி வைக்கிறேன். ஆழமா ஒரு கிணறு வெட்டி மாட்டிரு. இத்தனை பொம்பளையாளு தேவைப்படாது. உன் உத்தரவும் கூடவே வந்துரும்."

சரி என்று தலையாட்டினால் நிரந்தர உத்தியோகம். எஞ்சின் வந்து ஒரே மாதத்தில் தோட்டம் கருகும், பழியைக் காற்றின்மேலோ வெயிலின்மேலோ போட்டுக்கொள்ளலாம். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார். பெண்கள் பக்கம் திரும்பினேன். முப்பது பேரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எஞ்சின் வேண்டாம் சார். ஆழம் போனா உப்பேறிரும். நான் வெட்டிப் பார்த்துட்டேன்" என்றேன். குழி வெட்டியது, கன்று சிவந்தது, மறுநடவு செய்தது எல்லாவற்றையும் ஒப்பித்தேன்.

அவர் முகம் மாறியது. பெண்களைப் பார்த்து, "இந்த ஊர்க்காரங்கதானே நீங்க? முன்னாடியே சொல்லக் கூடாதா?" என்று அதட்டினார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள். "நாங்க வெளங்கச் சொல்லலங்கய்யா."

என்னைக் காப்பாற்ற அவள் சொன்ன பொய் அது. அதைக் கேட்டுக்கொண்டு நிற்க என்னால் முடியவில்லை.

"வெளங்கத்தான் சொன்னாங்க சார். பேரை வெட்டிருவேன்னு நான்தான் மிரட்டினேன்."

ரேஞ்சர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஜீப்பில் ஏறி உட்கார்ந்த பிறகு, "எஞ்சின் வராது. ஆளுங்க இருக்கட்டும். உன் உத்தரவை அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வைகாசிக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. கச்சான் அடித்தாலும் முப்பது வீட்டிலும் உலை வைக்கலாம். உத்தரவு தள்ளிப்போனதில் வருத்தம் இருந்தது. அதற்கு மேலே, இதுவரை அறியாத ஒரு கர்வமும் இருந்தது.

அவள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு பக்கத்தில் வந்தாள். "என்னய்யா, வேலை போச்சா?"

"போகல. ஒரு வருசம் தள்ளிப் போயிருக்கு."

"அப்பச் சரி. ஒரு வருசத்துக்கு எங்க பேச்சக் கேப்பீக" என்றாள்.

முப்பது பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மறு வருஷம் உத்தரவு வந்தது. அதற்குப் பிறகும் அவளைக் கேட்காமல் அந்த மணலில் நான் ஒரு குழிகூட வெட்டியதில்லை.