எனக்குச் சேராத ரோஸ்

ஐந்தாம் வகுப்பு முழுப்பரீட்சை லீவில் என்னைப் பல்லடத்தில் பெரியப்பா வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். முந்தின மழைக்காலத்தில்தான் அவர்களுடைய ஒரே மகள், நான் அக்கா என்று கூப்பிட்டவள், காய்ச்சலில் இறந்துபோயிருந்தாள். பெரியம்மா தனியாக உட்கார்ந்து அழுதுகொண்டிருக்க வேண்டாம், துணைக்கு ஒரு பிள்ளை இருக்கட்டும் என்பது பெரியவர்களின் ஏற்பாடு. பெரியம்மாவோ அழவில்லை. பஸ் ஏறிக் கோயம்புத்தூர் ஆர்.எஸ்.புரம் போய் மேக்கப் வகுப்பில் சேர்ந்திருந்தார்.

வகுப்பில் கொடுத்த வண்ணச் சக்கரத்தை அலமாரிக் கண்ணாடியில் ஒட்டி வைத்திருந்தார். இரண்டே நாளில் அதைக் கரைத்துக் குடித்துவிட்டேன். சக்கரத்தில் எதிரெதிரே இருக்கும் நிறங்கள் ஒன்றையொன்று அடக்கும். பருவின் சிவப்புக்குப் பச்சை, கருவளையத்துக்கு ஆரஞ்சு. மணிக்கட்டு நரம்பு பச்சையாகத் தெரிந்தால் மஞ்சள் சாயல் தோல், அதற்குச் செங்கல் நிற லிப்ஸ்டிக். நீலமாகத் தெரிந்தால் ரோஸ். பதினாறாம் வாய்ப்பாட்டுக்கு இது எவ்வளவோ தேவலை.

பழகுவதற்கு ஒரு முகம் வேண்டுமே. தினமும் மதியம் என்னை உட்கார வைப்பார். பவுடர் பறக்கக் கூடாதென்று ஃபேனை நிறுத்தி, ஜன்னலைச் சாத்துவார். என் நரம்பு பளிச்சென்று பச்சை. அவரே பார்த்துச் சொன்னதுதான். ஆனாலும் கை ரோஸ் டப்பாவுக்கே போனது.

"பெரியம்மா, எனக்கு இது சேராதுங்க. சக்கரத்துல பாருங்க."

"தெரியும் அம்மணி. கொஞ்சம் ஆடாம இரு."

தெரிந்தே தப்பு செய்கிறவரை என்ன செய்வது? என் தோலின் மஞ்சளை லாவெண்டர் க்ரீம் தடவி அடக்கினார். அதன்மேல் ரோஸ். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பார், பிறகு புருவம் வரைவார். பிடிக்கவில்லையென்றால் துடைத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பார். நான் பத்து நாள் பொறுத்துக்கொண்டேன்.

பத்தாம் நாள், என்னைக் கண்டாலே குரைக்கும் வீட்டு நாய் உள்ளே வந்து என் மடியில் தலையை வைத்துக்கொண்டது. நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்தேன். அழகான முகம், ஆனால் என்னுடையது இல்லை. சிரித்துப் பார்த்தேன், அதுவும் சிரித்தது.

"கழுவிக்கட்டுங்களா பெரியம்மா? பயமா இருக்குதுங்க."

"இரு கண்ணு. இன்னும் பாத்து முடியல."

அந்த நேரம் பார்த்துக் கோழிப்பண்ணையிலிருந்து பெரியப்பா சாப்பிட வந்தார். வாசற்படியிலேயே நின்றுவிட்டார். தோளிலிருந்த துண்டு கீழே விழுந்ததை அவர் எடுக்கவில்லை. என்னைக் கண்டால் கேலி பேசாமல் இருக்க மாட்டாதவர், அன்றைக்கு மெதுவாகக் கேட்டார்.

"சாப்பிட்டியா கண்ணு?"

பெரியம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு என் வாயையே பார்த்தார்.

"இன்னும் இல்லீங்க பெரியப்பா," என்றேன்.

அவர் முகம் சட்டென்று விழுந்துவிட்டது. சாப்பிடாமலே திரும்பிப் பண்ணைக்குப் போய்விட்டார். பெரியம்மா பஞ்சில் எண்ணெயைத் தொட்டு என் உதட்டை மெதுவாகத் துடைத்தார். அப்போதுதான் அவர் அழுததைப் பார்த்தேன்.

மறுநாளே அப்பா வந்து என்னைக் கூட்டிப்போனார். கேட்டதற்கு மரியாதையாகத்தானே பதில் சொன்னோம், அதற்குப் பெரியப்பாவுக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து வழியெல்லாம் யோசித்தேன். அக்காவின் சாயலில் வரைந்த அந்த வாய் 'அப்பா' என்று கூப்பிடும் என்று அவர்கள் இரண்டு பேரும் காத்துக்கொண்டிருந்தது எனக்கு அப்போது புரியவில்லை.