தவிட்டுக்கு விற்ற பிள்ளை

கார்டிஃபிலிருந்து மகள் நேற்று போனில் பேசினாள். ஆறு மாதக் கர்ப்பம். மருமகன் வேல்ஸ்காரர். பிறக்கப்போவது பெண்ணாம், பெயரும் முடிவு செய்தாயிற்றாம்: பிளொட்வென்.

"பிளொட்னா பூம்மா, வென்னா வெள்ளை. நம்ம பேச்சிமுத்து, இசக்கியம்மா மாதிரிதான். ரெண்டு துண்டச் சேர்த்து ஒரு பேரு."

தொட்டிலில் இப்போதே எழுதி மாட்டிவிட்டாளாம். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. பிறக்காத பிள்ளைக்கா பெயர்? "ஏளா, நல்லாருக்கு" என்று சொல்லிப் போனை வைத்தேன்.

சிரிக்காதீர்கள். தொண்ணூறுகளில் வண்ணார்பேட்டையில் குடியிருந்தோம். நான் உயிரியல் டீச்சர். கரும்பலகையில் நான் வரைகிற இதயத்துக்குப் பள்ளிக்கூடத்தில் நல்ல பெயர் உண்டு. முதல் பிள்ளைக்கு வயிற்றில் இருக்கும்போதே தேன்மொழி என்று பெயர் வைத்துக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். தொப்புள்கொடி விழுமுன்னே போய்விட்டாள். அப்புறம் தெருவில் யாராவது அந்தப் பெயரைக் கூப்பிட்டால் கதவைச் சாத்திவிடுவேன்.

அடுத்ததும் பெண். பிள்ளை தவறிய வீட்டில் அடுத்துப் பிறப்பதைத் தவிட்டுக்கு விற்றுவிட்டு, தப்பிப் பிழைத்து வளர்ந்ததும் திருப்பி வாங்கிக்கொள்வது எங்கள் பக்கத்து வழக்கம். இது யாருடையதோ, மட்டமான சரக்கு என்று எமனை ஏமாற்றுகிற வேலை. உயிரியலெல்லாம் பரணில் ஏறிவிட்டது. உவரி மீன் கொண்டுவரும் அந்தோணியம்மா, ஐந்து பெற்று ஐந்தும் பிழைத்தவள், ஒரு முறம் தவிடு கொடுத்து வாங்கினாள். பிச்சையாக வந்தவள் என்று பிச்சம்மா எனப் பெயரும் வைத்தாள்.

"டீச்சர், இனிமே இது எம் பிள்ள. நீங்க பால மட்டும் கொடுங்க. 'எம் மவ'ன்னு வாய் தவறிச் சொல்லிராதீங்க."

சொல்லவே இல்லை. யார் கேட்டாலும் மீன்காரம்மா பிள்ளை என்பேன். புதுத் தபால்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போவார்.

ஐப்பசி மழையில் ஒருநாள் பிள்ளைக்குக் காய்ச்சல் ஏறிக் கைகால் வெட்டி இழுத்தது. வீட்டுக்காரருக்குப் பாபநாசத்தில் வேலை. நான் தனியாக ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். முதுகில் ஊசி போட்டு நீர் எடுக்கவேண்டும், பெற்றவர்கள் கையெழுத்து வேண்டும் என்றார் நர்ஸ்.

"நீங்க பிள்ளைக்கு யாரு?"

பால் கட்டி என் ரவிக்கை நனைந்துகொண்டிருந்தது. வாயில் வந்ததோ, "மீன்காரம்மா பிள்ளைங்க."

"அப்ப அம்மாக்காரியக் கூட்டிட்டு வாங்க. நேரமில்லலா!"

சொன்னால் எமன் கேட்டுவிடுவான்; சொல்லாவிட்டால் ஊசி இல்லை. அப்படி ஒரு பயத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் அறிந்ததில்லை. "நாந்தான் பெத்தவ" என்றேன். பிள்ளையை நானே கொன்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

பக்கத்து வீட்டில் விசாரித்துக்கொண்டு அந்தோணியம்மா மீன்கூடையோடு ஓடிவந்தாள். வாயைத் திறந்துவிட்டதைச் சொல்லி அழுதேன். அவள் முகமும் வெளுத்துத்தான் போனது. கூடையை இறக்கிவைத்தாள்.

"நீங்க சொன்னா ஆச்சா? நான் இன்னும் திருப்பி விக்கலைலா? வாங்குனது வாங்குனதுதான். எம் பிள்ளைய எவன் தொடுதான்னு பாக்கேன்."

பிள்ளை பிழைத்தது. நேற்று போனில் பேசியது அந்தப் பிச்சம்மாதான்.

இப்போது மீன் வெட்டிச் சுத்தம் செய்து பையில் வருகிறது. கொண்டுவருகிற பையன்கள் வாசலில் நிற்பதுகூட இல்லை. அந்தோணியம்மா போய்ச் சேர்ந்து வருஷங்களாகிவிட்டன. கடைசிவரை அவள் பிச்சம்மாவைத் திருப்பி விற்கவில்லை. கேட்க எனக்கும் தைரியம் வரவில்லை. பெயரோடு வரப்போகிற இந்தப் பிள்ளையை வாங்கிக்கொள்ளத்தான் யாருமில்லை.