அட்ஜஸ்ட் அண்ணி

எங்கள் செவந்தி அண்ணிக்குத் தெரிந்த இங்கிலீஷ் ஒரே ஒரு வார்த்தைதான்: அட்ஜஸ்ட். அதை வைத்தே இலுப்பூரில் இத்தனை வருஷம் குடும்பம் நடத்திவிட்டாள். டவுன் பஸ்ஸில் மூன்று பேர் சீட்டுக்கு நான்காவதாக ஒருத்தி வந்தால், "அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம், உக்காரு ஆத்தா" என்பாள். குழம்பில் உப்புக் கூடினாலும் அட்ஜஸ்ட். குவைத்திலிருக்கும் என் அண்ணன், இந்தப் பொங்கலுக்கும் லீவு இல்லை என்றாலும் அட்ஜஸ்ட். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "குனியக் குனியத்தான் குட்டுவாங்க அண்ணி!" என்று கத்துவேன். சிரிப்பாள்.

போன மாதம் அவள் மகள் சரண்யாவைப் பெண் பார்க்கத் திருக்கோகர்ணத்திலிருந்து வந்தார்கள். சரண்யா இங்கே ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். பையன் விக்ரமை அவளுக்குப் பிடித்துவிட்டது, முகத்திலேயே தெரிந்தது. சம்பந்தம் முடிவாகாமல் பெண் வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். காபி குடிக்கலாம், சோறு தின்னக் கூடாது.

விக்ரமின் அம்மா மெதுவாக ஆரம்பித்தார். "நைட் டூட்டியெல்லாம் எங்களுக்குச் சரிப்படாதுங்க. கல்யாணத்துக்கப்பறம் வேலைய விட்டுரணும்."

சரண்யா தலையைக் குனிந்துகொண்டாள். "அட்ஜஸ்ட் பண்ணிக்கிறேங்க."

அண்ணிக்கு முகமே செத்துவிட்டது.

"வேணாங்க," என்றாள். அப்படி ஒரு குரலை அவளிடம் நான் கேட்டதே இல்லை. "நான் பண்ணுனது போதும். எம்மக ஆசப்பட்டுப் படிச்சவ. வேலைய விட மாட்டா."

விக்ரமின் அம்மா எழுந்துவிட்டார். "சரிங்க, கலந்து பேசிட்டுச் சொல்றோம்." அதற்கு என்ன அர்த்தம் என்று ஊருக்கே தெரியும். சரண்யாவின் கண் நிறைந்துவிட்டது. மகள் வாழ்க்கையைத் தானே கெடுத்துவிட்டோமோ என்று அண்ணி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

விக்ரம் மட்டும் எழுந்திருக்கவில்லை.

"உக்காரும்மா. அவங்க வேலைக்குப் போகட்டும்," என்றான். பிறகு அண்ணியைப் பார்த்து, "பசிக்குதுங்க அத்தை. சாப்புட ஏதாச்சும் இருக்கா?"

அவன் அம்மா மகனை முறைத்தார். சரண்யாவைப் பார்த்தார். பெருமூச்சு விட்டுக்கொண்டு மறுபடி உட்கார்ந்தார். "எனக்கும் ஒரு எலை போடுங்க, சம்பந்தி."

அண்ணிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இலை அறுக்க என்னைக் கொல்லைக்கு விரட்டினாள். விருந்து என்று எதுவும் சமைத்திருக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டே சோற்றைப் போட்டாள்.

"ரசந்தான் இருக்கு, மாப்ள. இன்னைக்கு மட்டும் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க."