ரொட்டி தொண்டைக்குள் இறங்கும்வரை

கத்தாரில், ராஸ் லஃபான் எரிவாயு ஆலையில் நான் வேலை பார்த்த காலத்தில், கம்ப்ரஸர் ஒன்றின் அதிர்வைச் சரிபார்க்க அமெரிக்காவிலிருந்து ஒரு என்ஜினீயர் வந்தார். எங்கள் ஆபீஸாக இருந்த தகரப் பெட்டி போன்ற போர்ட்டா கேபினிலேயே அவருக்கும் மேஜை போட்டார்கள். நான் அங்கே வேலை அனுமதிச் சீட்டு எழுதும் கிளார்க். பேசாமல் சாப்பிட எனக்கு வராது.

முதல் நாள் மதியம் அவர் ஒரு குவளையில் தண்ணீர் பிடித்து, வலது கைக்கு இரண்டு முறை, இடது கைக்கு இரண்டு முறை ஊற்றிக் கழுவிவிட்டு வந்தார்.

"சாருக்கு எத்தனை பிள்ளைங்க?" என்று கேட்டேன்.

"ம்ம்ம்" என்று கையைக் காட்டினார். பிறகு ரொட்டியை எடுத்து ஏதோ முணுமுணுத்து, ஒரு துண்டு கடித்து விழுங்கியபின், "நாலு பேர்" என்று சிரித்தார். அதற்குள் எனக்கு முகம் சுருங்கிவிட்டது. மறுநாளும் அதே 'ம்ம்ம்'. அதற்கடுத்த நாளும்.

ஸ்டோர் கீப்பர் கீழக்கரைக்காரர், என் வயதுதான். அவரிடம் போய், "பெரிய திமிரு பாய் அந்தாளுக்கு" என்று புலம்பினேன்.

"நான் தொழுகையில நிக்கும்போது நீ கூப்பிட்டா திரும்பிப் பாப்பேனா? அந்த மாதிரி ஏதாச்சும் இருக்கும் மாப்ளே. மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு அலையாம ஆளையே கேளு."

கேட்டேன். என்ஜினீயருக்கு ஒரே சந்தோஷம், யாராவது கேட்க மாட்டார்களா என்று இருந்தவர் போல. தான் ஒரு யூதர் என்றார். கை கழுவியதிலிருந்து ரொட்டி உள்ளே போகும்வரை வேறு பேச்சு கூடாதாம். கடவுளுக்கு நன்றி சொல்லிவிட்டு, சாப்பிடாமல் அரட்டையில் இறங்கினால் சொன்ன நன்றி வீண். மறுபடி சொல்ல வேண்டும்.

"உப்பு வேணும்னா என்ன சார் பண்ணுவீங்க?"

"கேட்டுட்டா தப்பில்லை. அது சாப்பாட்டைச் சேர்ந்தது. மாட்டுக்குத் தீனி வைக்கச் சொன்னாலும் தப்பில்லை. மாடு சாப்பிடாம நாம சாப்பிடக் கூடாதில்லையா?"

"எத்தனை பிள்ளைங்கன்னு கேட்டா?"

"அதுக்குத்தான் ம்ம்ம்."

அன்றிலிருந்து அவர் கை கழுவப் போனாலே நான் வாயை மூடிக்கொள்வேன். அவர் முதல் துண்டை விழுங்கித் தலையாட்டியதும் ஆரம்பித்துவிடுவேன்.

ஒரு நாள் அவர் ரொட்டியைக் கையில் எடுத்து நன்றி சொல்லி முடித்த நொடியில் சைரன் அலறியது. ஒத்திகைதான். ஆனாலும் ஓட வேண்டும். அவர் பெரிதாக ஒரு கடி கடித்துக்கொண்டு எங்களோடு ஓடி வந்தார். அது தன்னுடைய சின்ன அடுப்பில் அவரே சுட்ட ரொட்டி. கல் மாதிரி இருக்கும்.

வெளியே எல்லோரையும் நிற்கவைத்து சேஃப்டி ஆபீசர் பெயர் வாசித்தார். முதல் பெயரே என்ஜினீயருடையது. அவர் மென்றுகொண்டே இருந்தார்.

"இருக்கார் சார்!" என்று நான் கத்தினேன்.

"நீ சொல்லாதே. அவரே சொல்லணும்" என்றார் ஆபீசர் ஹிந்தியில்.

என்ஜினீயர் கண் பிதுங்க வாயைச் சுட்டிக் காட்டினார். ஆள் மூச்சுத் திணறுகிறார் என்று நினைத்து ஆபீசர் பாய்ந்து வந்து முதுகில் ஓங்கித் தட்டினார். இரண்டாவது தட்டில் ரொட்டி இறங்கியது.

"இருக்கேன்" என்றார் என்ஜினீயர். "இன்னொரு தடவை அடிச்சா இருக்க மாட்டேன்."

ஸ்டோர் கீப்பர் சிரித்துச் சிரித்து மணலிலேயே உட்கார்ந்துவிட்டார். ஆபீசர்கூட நோட்டுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டார்.

கேபினுக்குத் திரும்பும்போது எனக்கு ஒரு சந்தேகம். "சாப்பாட்டுக்கு நடுவுல எழுந்து வெளிய போயிட்டோமே, திரும்பவும் நன்றி சொல்லணுமா?"

கொஞ்சம் யோசித்தார். "திரும்பி வரப்போறோம்னுதானே மேஜையில வச்சுட்டு ஓடினோம்? சாப்பாடு இன்னும் முடியலை. வாங்க."

ஆறிப்போன எலுமிச்சை சாதத்தை நானும், அந்தக் கல் ரொட்டியை அவரும் எடுத்துக்கொண்டோம். அவர்கள் மத முறைப்படி சமைக்காததால் என் சாதத்தை அவர் தொட முடியாது. ஆனால் எப்படிச் செய்வது என்று மனைவிக்கு எழுத வேண்டுமென்றார். கடுகு தாளிப்பதை நான் கையால் நடித்துக் காட்ட, அவர் கம்ப்ரஸர் ரிப்போர்ட்டின் முதுகுப் பக்கத்தில் எழுதிக்கொண்டார்.