அண்ணன் வருஷா வருஷம் சொன்ன புத்திமதி

பெயிண்ட் கம்பெனியில் அவளுக்கு வெள்ளையக்கா என்று பேர். நிறம் பார்க்கும் கூடத்தில் வெள்ளை வகைகள் முழுக்க அவள் பொறுப்பு என்பதால் வந்த பேர் அது. சிவப்பு, நீலமெல்லாம் யார் வேண்டுமானாலும் கலக்கிவிடலாம். வெள்ளைதான் ஆளைக் கொல்லும். ஒரு சொட்டு கறுப்பு கூடினால் சுவர் அழுக்காகத் தெரியும், ஒரு சொட்டு மஞ்சள் கூடினால் நேற்று அடித்தது பத்து வருஷப் பழசாகத் தெரியும். அட்டையில் பூசி, மின்விசிறிக்கு அடியில் காயவைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு தடவை, டியூப்லைட்டில் ஒரு தடவை பிடித்துப் பார்ப்பாள். அவள் தலையாட்டினால்தான் டப்பாவுக்கு மூடி விழும்.

இந்த வேலைக்கு அவள் வந்ததே ஒரு மேடைப் பேச்சைக் கேட்டுத்தான். வேதியியல் பட்டம் வாங்கிய அன்று, முன்னாள் மாணவர் சங்கத்துக்காரர்கள் புதுப் பட்டதாரிகளுக்குப் புத்தி சொல்ல ஒருவரை அழைத்து வந்திருந்தார்கள். இந்தக் கம்பெனியின் மேனேஜர் அவர்.

"சார்னு கூப்பிடாதீங்க. ஒரே இடத்துல படிச்சவங்க நாம. நான் உங்களுக்கு அண்ணன்," என்று ஆரம்பித்தார். "போற இடத்துல நிலையா இருங்க. அங்க இங்க தாவாதீங்க. நீங்க கம்பெனிய விடாம இருந்தா, கம்பெனி உங்கள விடாது."

அப்பா இல்லாமல், கூடப்பிறந்தவர் யாரும் இல்லாமல் வளர்ந்தவளுக்கு அண்ணன் என்ற ஒரு வார்த்தை போதுமாயிருந்தது. அடுத்த மாதமே அவர் கம்பெனியில் சேர்ந்துவிட்டாள். அவரும் அன்றிலிருந்து அவளைத் தங்கச்சி என்றுதான் கூப்பிட்டார். அதில் குறை சொல்ல முடியாது.

பதினாறு வருஷம் ஓடிப்போயிற்று. கூடத்துத் தலைமை நாற்காலிக்கு வெளியிலிருந்து ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். வெள்ளையை எப்படிப் பார்ப்பது என்று அவர்களுக்கு அவள்தான் சொல்லிக்கொடுப்பாள். கற்றுக்கொண்டு, இன்னும் பெரிய இடமாகப் பார்த்துப் போய்விடுவார்கள். ஒரு தடவை அவளுக்கே வேறொரு கம்பெனியிலிருந்து அழைப்பு வந்தது. தலைமைப் பதவி, ஆனால் ஊர் மாற வேண்டும். அவள் கணவர் எலெக்ட்ரீஷியன்.

"போயேன், கசக்குதா? நான் எங்க போனாலும் நாலு வீட்டுல ஃபேன் ஓடாமத்தான் இருக்கும், என் பொழப்பு நடந்துடும்," என்றார் அவர்.

அவளோ அண்ணனிடம் கேட்கப் போனாள். அவர் நாற்காலியிலிருந்து எழுந்தே வந்துவிட்டார்.

"அடுத்த தடவை அந்த இடம் உனக்குத்தான் தங்கச்சி. சொந்தக் குடும்பத்த விட்டுட்டு யாராவது போவாங்களா?"

அவள் போகவில்லை. அடுத்த தடவையும் அந்த இடத்துக்கு வெளியாள்தான் வந்தான். "உங்க அண்ணன் பேச்சுல மட்டும் ஒரு குறையும் வைக்கறதில்ல," என்று சொல்லிவிட்டுக் கணவர் சாப்பிடப் போனார். அவள் அவரோடு சண்டை போட்டாள். தன் நேரம் சரியில்லை, அண்ணன் என்ன செய்வார் என்று நினைத்துக்கொண்டாள்.

வருஷா வருஷம் பட்டமளிப்பு முடிந்ததும் அண்ணன் அதே புத்திமதியைச் சொல்லப் போவார். கொஞ்ச காலமாக அவளையும் கூட்டிப்போய், "இவளப் பாருங்க, வந்த நாள்லேருந்து ஒரே இடம்," என்று மேடையேற்றுவார். அவளும் நாலு வார்த்தை பேசிவிட்டு இறங்குவாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு, பொய் சொல்வானேன்.

இந்த வருஷம் பட்டம் வாங்குகிறவர்களில் அண்ணனின் மகளும் ஒருத்தி. காரில் அப்பாவும் மகளும் பின்னால், அவள் டிரைவர் பக்கத்தில்.

"அப்பா, நான் நம்ம கம்பெனிலயே சேந்துடட்டுமா? அக்கா பக்கத்துல உக்காந்து வேலை கத்துக்கறேன்," என்றாள் மகள்.

"உனக்கென்ன பைத்தியமா? எந்த இடத்துலயும் ரெண்டு வருஷத்துக்கு மேல இருக்காதே. இருந்தா, இவ எங்க போயிடப் போறான்னு தைரியம் வந்துடும். அப்புறம் ஒருத்தனும் ஒண்ணும் தரமாட்டான்."

"மேடையில வேற மாதிரி சொல்வீங்களே."

"அது மத்தவங்களுக்கும்மா."

"அப்ப அக்கா?"

"அவ தங்கம். அப்படி ஒருத்தர் இருந்தாத்தானே கம்பெனி ஓடும்."

அவர் குரலைக்கூடத் தாழ்த்தவில்லை. முன் சீட்டில் ஆள் இருப்பதை மறந்து பேசியிருந்தால்கூட அவளுக்கு மனசு ஆறியிருக்கும். மறக்கவில்லை, அடுத்த மூச்சிலேயே, "என்ன தங்கச்சி, நான் சொல்றது சரிதானே?" என்று கேட்டார்.

"சரிதாண்ணே," என்றது பழகிப்போன வாய்.

டிரைவர் அவள் முகத்தைப் பார்க்காமல் தண்ணீர் பாட்டிலை அவள் பக்கம் நகர்த்தினார். கெட்ட நேரமும் இல்லை, ராசியும் இல்லை, இந்த ஆள் தெரிந்தே உட்கார வைத்திருக்கிறான். பதினாறு வருஷத்தில் முதல் தடவையாக மனசுக்குள் அவர் மரியாதை போய்விட்டது. தங்கச்சி என்று கூப்பிட்ட ஒவ்வொரு தடவையும் அவனுக்குத் தெரிந்திருக்கிறது. தனக்கு மட்டும்தான் தெரியவில்லை.

அரங்கில் கறுப்பு அங்கி போட்ட பிள்ளைகள் வரிசை வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அண்ணன் அதே பேச்சைப் பேசினார். அதே நகைச்சுவை, அது முடிந்ததும் சிரிப்புக்காக அதே இடைவெளி. கடைசியில், "இப்ப என் தங்கச்சி பேசுவா," என்று மைக்கை நீட்டினார். இன்றைக்கும் நாலு வார்த்தை சொல்லிவிட்டு இறங்கினால், அத்தனை பிள்ளைகளையும் அவளே பிடித்துக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். மைக்கை வாங்கிக்கொண்டாள்.

"அண்ணன் சொன்னதக் கேட்டு நல்லா இருக்கேன்னு வருஷா வருஷம் இங்க வந்து சொல்வேன். கேட்டது நெசம். இன்னிக்குக் கார்ல வரும்போது தன் பொண்ணுக்கு வேற புத்தி சொன்னார். ரெண்டு வருஷத்துக்கு மேல ஒரு இடத்துல இருக்காதேன்னார். பெத்த பொண்ணுக்கு யாரும் தப்பா சொல்லமாட்டாங்க. நீங்க அத எடுத்துக்குங்க. மேடையில சொன்னது என்னை மாதிரி ஆளுங்களுக்கு."

முன்வரிசையில் மகள் தலையைக் குனிந்துகொண்டாள். முதலில் கை தட்டியது அண்ணன்தான். சிரித்துக்கொண்டே மைக்கை வாங்கினார்.

"பாத்தீங்களா? மேடையிலயே அண்ணன எதிர்த்துப் பேசற உரிமை எங்க தங்கச்சிக்கு உண்டு. இப்படி ஒரு குடும்பம் உங்களுக்கு வேற எங்க கிடைக்கும்?"

அரங்கம் அதிரக் கை தட்டியது. அவள் கோபத்தையும் எடுத்துக் கம்பெனி விளம்பரத்தில் சேர்த்துக்கொண்டார் மனிதர். இறங்கும்போது அவளுக்குப் படி சரியாகத் தெரியவில்லை.

கூட்டம் கலைந்ததும் அண்ணன் முன்னால் வரிசை கட்டிவிட்டது. ஆளுக்கொரு பயோடேட்டா. அவள் வாசல் பக்கம் தனியாக நின்று கணவருக்கு போன் போட்டாள். அவர் எடுக்கவில்லை, எங்கேயாவது ஏணி மேல் இருப்பார். அப்போது அங்கி போட்ட ஒரு பெண் தயங்கித் தயங்கி அவளிடம் வந்தாள்.

"அக்கா, நீங்க பேசினது எனக்கு ரொம்பப் பிடிச்சுது."

ஒருத்திக்காவது காதில் விழுந்திருக்கிறது.

"தப்பா எடுத்துக்காதீங்க," என்று அந்தப் பெண் குரலைத் தாழ்த்தினாள். "எங்க வீட்டுல என் வேலையத்தான் நம்பியிருக்காங்க. இவ்வளவு பேசினப்புறம் நீங்க அங்க இருக்கமாட்டீங்கல்ல? உங்க இடம் காலியாகுமா?"

கெட்ட எண்ணத்தோடு கேட்ட முகமாக இல்லை.

"ஆகும்," என்றாள் அவள். சொன்ன பிறகுதான், தான் வேலையை விட்டுவிட்டது அவளுக்கே தெரிந்தது. அந்தப் பெண் நன்றி சொல்லிவிட்டு, பயோடேட்டாவை நீவிக்கொண்டு, அண்ணன் வரிசையில் கடைசியாகப் போய் நின்றாள்.